சாவி எங்கேம்மா இருக்கு?

தீயணைப்புத் துறை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிவப்பு வண்டி, ஓயாத மணிச் சத்தம், ஹெல்மெட்டும் பூட்ஸுமாக ஓடுகிற ஆட்கள். நானும் அவ்வளவுதான் நினைத்திருந்தேன். அந்த ஆட்களுக்கு எப்படி ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்போது உள்ளே போகக்கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பாரே, அவர் யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது எங்கள் வீட்டு மாடிப்படிக் கேட்டில் தொங்கிய ஒரு பூட்டு.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது. நான் கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், ராமானுஜர் அவதரித்த ஊர் என்றுதான் எங்கள் பக்கத்தைச் சொல்வார்கள். ஒரகடம் பக்கம் போனால் வயலும் ஏரியும்தான். அப்புறம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் மாறிவிட்டது. ஒரகடத்தில் 2010-ல் காரும் டயரும் செய்ய ஆரம்பித்தார்கள். 2012-ல் லாரி, 2013-ல் மோட்டார் சைக்கிள். இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் வரிசையாக வந்தன. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் சாலையைக் கடக்க வேண்டுமானால் கம்பெனி பஸ்கள் போய் முடிகிற வரை காத்திருக்க வேண்டும்.

அந்த பஸ்களில் பாதிக்கு மேல் பெண்கள். திருவண்ணாமலை, கடலூர், தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். ஒடியா பேசுகிற பெண்களும் உண்டு. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி அரசு கட்டிய பெரிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அப்படியும் இடம் போதாமல் எங்களைப் போன்றவர்கள் மாடியைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். எங்கள் மாடியில் இரண்டு அறைகளில் எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

வயசுப் பெண்கள் இருக்கிற வீடு. ஏதாவது ஒன்று என்றால் அவர்களைப் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது? அதனால் ராத்திரி பத்தரை மணிக்கு மாடிப்படியின் அடியில் இருக்கும் இரும்பு கேட்டை நானே பூட்டுவேன். சாவி பூஜை அறைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். ஒரே சாவிதான். இன்னொன்று செய்து மேலே கொடுத்தால் அது யார் யார் கைக்குப் போகுமோ என்ற பயம். இதைப் பெரிய பொறுப்பாக நினைத்து எனக்குள் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

அந்த ராத்திரி

போன ஐப்பசியில் ஒருநாள். நல்ல மழை. ராத்திரி இரண்டு மணி இருக்கும். "அம்மா! அம்மா! கேட்டைத் திறங்க!" என்று அலறல். எழுந்து ஓடினேன். மாடிப்படியில் பெண்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் புகை. மூக்கைப் பொசுக்குகிற பிளாஸ்டிக் நாற்றம்.

ஆணியைப் பார்த்தேன். சாவி இல்லை!

அலமாரி, ஜன்னல் மேடை, அடுப்பங்கரை என்று தேடுகிறேன். கைகால் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் கத்துகிறார், நானும் கத்துகிறேன். கடைசியில்தான் அவருக்கு நினைவு வந்தது. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். அந்தச் சட்டை அழுக்குக் கூடையில். எடுத்துத் திறப்பதற்குள் நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். எனக்கு அது நாலு யுகம்.

நடந்தது இதுதான். ஒரு பெண் செல்போனைச் சார்ஜரில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். மலிவான சார்ஜர். சூடாகி, தலையணை கருகி, பஞ்சு மெத்தை புகைய ஆரம்பித்துவிட்டது. கடையில் அதைப் பஞ்சு மெத்தை என்று சொல்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது ரப்பர் மாதிரியான செயற்கை நுரை.

நல்ல வேளையாக அவர்களில் ஒருத்தி தன் கம்பெனியில் அவசர உதவிக் குழுவில் இருப்பவள். அவள்தான் முதலில் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறாள். எல்லோரையும் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, அந்த அறைக் கதவைச் சாத்தியிருக்கிறாள். படியில் வைத்து எண்ணியிருக்கிறாள். "ஏழு பேர் இருக்கோம். ஒருத்தி நைட் ஷிஃப்ட். எல்லாரும் வந்தாச்சும்மா" என்று அந்தப் புகையிலும் என்னிடம் கணக்குச் சொன்னாள். இருபத்திரண்டு வயசுப் பெண் செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்திருந்தாள். என் பூட்டு ஒன்றுதான் குறுக்கே நின்றது.

சத்தம் கேட்டு எதிர் வீட்டு சார் ஓடி வந்தார். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "முதல்ல 101-க்கு போன் போடுங்க" என்றார் என் வீட்டுக்காரரிடம். பெண்களைத் தெருவுக்கு அனுப்பினார். மேலே போய்க் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, குனிந்தபடியே மெதுவாகத் திறந்தார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மெத்தையை மொட்டை மாடிக்கு இழுத்து, அங்கேயும் ஊறவைத்தார். வண்டி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்கள் அறையையும் மெத்தையையும் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். இந்த மாதிரி மெத்தை அணைந்த மாதிரி இருந்துவிட்டு உள்ளுக்குள் கனன்று மறுபடி பற்றுமாம்.

மறுநாள் காலை சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தீயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிப்படிக் கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாவி எங்கேம்மா இருக்கு?"

"ஆணியில் சார். எப்பவும் அங்கேதான் இருக்கும்."

"நேத்து ராத்திரி எங்கே இருந்துச்சு?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

"திருடன் வருவான்னு பூட்டறீங்க. சரி. திருடன் வந்தா பொருள் போகும். நெருப்பு வந்தா?" என்று கேட்டுவிட்டு, காப்பியை வாங்கிக் குடித்தார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

கற்றுக்கொடுப்பவர்

அதன் பிறகுதான் அவரிடம், "சார், நீங்க டிபார்ட்மென்ட்ல என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன். எத்தனையோ வருஷம் எதிர் எதிர் வீடு. அவர் மனைவியும் நானும் சேர்ந்துதான் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போவோம். ஆனாலும் இதைக் கேட்டதில்லை.

தீயணைப்போராகச் சேர்ந்து, பல நிலையங்களில் வேலை பார்த்து, பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்புக்கு வந்தவர் அவர். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாநிலப் பயிற்சி மையம் தாம்பரத்தில் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் இப்போது ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

"என் வேலை நெருப்பை அணைக்கிறது இல்லம்மா. அணைக்கப் போறவன் உயிரோட வீட்டுக்குத் திரும்பி வரணும், அதுக்கு அவனைத் தயார் பண்றது" என்றார்.

ஊரிலிருந்து வருகிற பையன்கள் உடம்பில் பலமாக இருப்பார்கள். ஓடுவார்கள், ஏறுவார்கள். ஆனால் புகைக்குள் போனால் பலசாலிக்கும் திசை தெரியாது. அதனால் பயிற்சி அதிகாரியின் முதல் வேலை, எதை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்று திட்டம் போடுவது. அணிவகுப்பும் உடற்பயிற்சியும் தினமும் உண்டு. அதன் மேல், குழாயை விரித்து இணைப்பது, பம்பை இயக்குவது, ஏணி நிறுத்துவது, முடிச்சுப் போடுவது, காயம்பட்டவரைத் தோளில் தூக்குவது, முதலுதவி என்று ஒவ்வொன்றாக வரும். 'நாற்காலி முடிச்சு' என்று ஒன்று இருக்கிறதாம். ஒரே கயிற்றில் இரண்டு வளையம் போட்டு, ஒன்று கைக்கடியிலும் மற்றொன்று முழங்காலுக்கடியிலும் மாட்டி, மாடியிலிருந்து ஆளை உட்கார வைத்த மாதிரி இறக்கலாம். அதை வெளிச்சத்தில் போடத் தெரிந்தால் போதாது. கண்ணை மூடிக்கொண்டும் போட வேண்டும்.

"ஒரே முடிச்சை எத்தனை தடவை சார் போடச் சொல்வீங்க?"

"தப்பில்லாம போடற வரைக்கும் இல்ல. தப்பாப் போடவே வராதுங்கிற வரைக்கும்."

பிறகு புகை அறை. சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு, இருட்டில், வளைந்து வளைந்து போகிற வழியில் தவழ்ந்து போக வேண்டும். முதுகில் உள்ள சிலிண்டரில் இருப்பது சாதாரணக் காற்றுதான், நாம் நினைக்கிற மாதிரி தனி ஆக்ஸிஜன் இல்லை. காற்று தீரப் போகிறது என்றால் விசில் அடிக்கும். வெளியே ஒருவர் பலகையில், யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று எழுதிக்கொண்டு நிற்பார். உள்ளே போகிறவர் சுவரைத் தடவும்போது புறங்கையால்தான் தடவ வேண்டும். மின்சாரம் ஓடும் கம்பியில் உள்ளங்கை பட்டால் விரல்கள் தானாக இறுகிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை பட்டால் கை விலகிக்கொள்ள வழி உண்டு. அன்றைக்குச் சார் எங்கள் மாடிக் கதவை ஏன் அப்படித் தொட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. கதவு சூடாக இருந்தால் அந்தப் பக்கம் நெருப்பு இருக்கிறது, திறக்கக் கூடாது என்று அர்த்தம். அதற்கும் புறங்கைத் தோல்தான் சூட்டைச் சட்டென்று உணரும்.

பாடம் நடத்தினால் மட்டும் முடிந்துவிடாது. ஒவ்வொருவரும் எதில் தேறினார், எதில் தயங்கினார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். உயரத்தைக் கண்டு பயப்படுகிறவரைத் திட்டாமல் படிப்படியாகப் பழக்க வேண்டும். பயமே இல்லாமல் முந்திக்கொண்டு ஓடுகிறவரை அடக்கி வைக்க வேண்டும். "பயப்படறவனைப் பழக்கிடலாம்மா. பயமே இல்லாதவன்தான் எங்களுக்குப் பயம்" என்றார். ஒரு பெரிய விபத்து முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, எது சரியாக நடந்தது, எது தவறியது என்று பேசுவார்கள். அந்தத் தவறு அடுத்த குழுவுக்குப் பாடமாகும். நிலையங்களில் பழைய ஆட்களுக்கும் மறுபயிற்சி உண்டு. தீ மட்டுமில்லை. கிணற்றில் விழுந்தவர், வீட்டுக்குள் புகுந்த பாம்பு, வெள்ளம் எல்லாவற்றுக்கும் இவர்களைத்தானே கூப்பிடுகிறோம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடையாற்றில் வந்தபோது படகில் ஆட்களை மீட்டவர்களில் இவர்களும் உண்டு.

நம் நாட்டில் தீயணைப்பு அதிகாரிகளுக்கென்றே நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. 1956-ல் உத்தரப் பிரதேசத்தில் ராம்பூரில் ஆரம்பித்து, அடுத்த வருஷம் நாக்பூருக்கு மாற்றினார்கள். 2002-ல் அங்கே படிக்கச் சேர்ந்த ஹர்ஷினி கன்ஹேகர்தான் அந்தக் கல்லூரியின் முதல் மாணவி. நம் தமிழ்நாடும் சளைத்ததில்லை. 2003-லேயே பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் என்ற இரண்டு பெண்கள் தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்தில் பழைய கலச மகால் எரிந்தபோது, உள்ளே போய்த் தீக்காயம் பட்டவர்களில் பிரியா ரவிச்சந்திரனும் ஒருவர். அந்தத் தீயில் ஒரு தீயணைப்பு வீரர் உயிரையே விட்டார். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த கதி என்றால், பெறாதவர்கள் எம்மாத்திரம்?

பயிற்சியே ஆபத்தானால்

இந்த இடத்தில் சார் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். பயிற்சி கொடுப்பவரின் தலையாய கடமை, பயிற்சியில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதானாம்.

2018 ஜூலை 12-ந் தேதி கோவைக்கு அருகே நரசிபுரத்தில் ஒரு கல்லூரியில் நடந்ததை நம்மில் பலர் டி.வி.யில் பார்த்திருப்போம். பேரிடர்ப் பயிற்சி என்று சொல்லி மாணவ மாணவிகளை இரண்டாவது மாடியிலிருந்து குதிக்க வைத்தார்கள். கீழே மற்ற மாணவர்கள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி குதிக்கத் தயங்கினாள். பயிற்சியாளர் அவளைத் தள்ளிவிட்டார். கீழ்த்தளத்தின் சன்ஷேடில் தலை மோதி அந்தக் குழந்தை போய்விட்டாள். அந்த ஆள் எங்கள் பயிற்சியாளரே இல்லை என்று தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. அவரைக் கைது செய்தார்கள். பெற்ற வயிற்றுக்கு அதனால் என்ன ஆறுதல்?

"தயங்கறவளைத் தள்ளக்கூடாதும்மா. அவ தயங்கினா பயிற்சி அங்கேயே நின்னிடணும். நாங்க குதிக்கச் சொன்னா முதல்ல மணல் மூட்டையைப் போட்டுப் பார்ப்போம். அப்புறம் நாங்க. கடைசியாத்தான் அவங்க" என்றார்.

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 1982 ஜனவரியில் அமெரிக்காவில் போல்டர் என்ற ஊரில், பயிற்சிக்காக ஒரு கட்டடத்தில் நெருப்பு மூட்டியபோது இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான், நிஜ நெருப்பில் பயிற்சி கொடுக்கும்போது என்னென்ன முன்னேற்பாடு வேண்டும் என்று 1986-ல் தனியாக விதிமுறையே எழுதினார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலோ கல்லூரியிலோ தீப் பயிற்சி என்று சீட்டு வந்தால், சொல்லிக்கொடுப்பவர் யார், எந்தத் துறை, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

பூட்டிய கதவுகள்

தொழிற்சாலைகளில் சார் செய்கிற வேலையையும் விசாரித்தேன். ஆபத்தான நேரத்தில் வெளியேற வழி இருக்க வேண்டும், தொழிலாளிக்கு அந்த வழி தெரிந்திருக்க வேண்டும் என்று 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அது காகிதத்தில் இருந்தால் போதுமா? அதனால்தான் ஒத்திகை. திடீரென்று மணி அடிக்கும். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு, ஓடாமல், தள்ளாமல், வெளியே குறித்து வைத்த இடத்தில் கூட வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவர் தலையை எண்ணிச் சொல்ல வேண்டும். கணக்கில் ஒருவர் குறைந்தாலும் ஒத்திகை முடியாது.

இடத்துக்கு இடம் ஆபத்தும் வேறு. கார் தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் பகுதியில் கரைப்பான் ஆவி இருக்கும். அங்கே ஒரு பொறி போதும். டயர் பற்றினால் கரும்புகை. செல்போன் வேலையென்றால் பேட்டரி. கூரையில் வரிசையாகச் சின்னச் சின்னத் தண்ணீர்க் குழாய் முனைகள் இருக்குமாம். ஒவ்வொன்றிலும் சிவப்புத் திரவம் நிரம்பிய கண்ணாடிக் குப்பி. சூடு 68 டிகிரியைத் தொட்டால் அந்தக் குப்பி உடைந்து தண்ணீர் கொட்டும். சினிமாவில் வருகிற மாதிரி எல்லா முனையிலும் ஒரேயடியாகக் கொட்டாது. சூடு பட்ட இடத்தில் மட்டும்தான். மொழி வேறு ஒரு பிரச்னை. தமிழில் கத்தினால் ஒடியா பேசும் பெண்ணுக்குப் புரிய வேண்டுமே! அதனால் கையைக் காட்டி, படத்தைக் காட்டி, நடந்து காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்.

ஒவ்வொரு வகுப்பிலும் அவர் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1911 மார்ச் 25-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 'டிரையாங்கிள்' என்ற ரவிக்கைத் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த இளம் பெண்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு வாசல் கதவு பூட்டியிருந்தது. துணி திருட்டுப் போகாமல் இருக்கப் பூட்டி வைத்தார்களாம்.

அதைக் கேட்டபோது என் வயிற்றில் என்னவோ செய்தது. திருட்டுக்குப் பயந்து பூட்டு, உள்ளே வேலைக்கு வந்த இளம் பெண்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நான் செய்தது அதேதானே?

நம் ஊரிலும் மறக்க முடியுமா? 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் கருகினார்களே. அப்போது எனக்கும் கைக்குழந்தை இருந்தான். பேப்பரைப் பிரிக்கவே கை நடுங்கும். ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறார்களே, அதற்கும் ஒரு சோகக் காரணம் உண்டு. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சு மூட்டைகளும் ஏற்றி நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கைன்' என்ற கப்பல் வெடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் திரும்பவில்லை. அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம்.

எங்கள் மொட்டை மாடியில் ஒரு வகுப்பு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் எங்கள் மொட்டை மாடியில் எட்டுப் பெண்களையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். எனக்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்துத்தான். அவர் சொன்னதை வீட்டுக்கு உபயோகமாகும் என்று எழுதி வைத்தேன்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகிப் பல நூறு மடங்கு பெருகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைவிடப் பெரிய தட்டாலோ மூடியாலோ ஓரமாக நகர்த்தி மூடிவிட வேண்டும். ஆறும் வரை திறக்கக் கூடாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவும் கூடாது.

கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி வரும். கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையில்தான் தங்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும். ஆரஞ்சு நிறக் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என் வீட்டுக் குழாயில் தேதியைப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏழு வருஷம்!

புகை வந்தால் குனிந்து, முடிந்தால் தவழ்ந்து போக வேண்டும். நல்ல காற்று கீழேதான் இருக்கும். தீ விபத்தில் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகைதான் பெரும்பாலும் ஆளைக் கொல்கிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வந்தால் நெருப்புக்கும் புகைக்கும் அது தடை. நகை, போன், சர்டிபிகேட் என்று திரும்பி உள்ளே போகக் கூடாது.

புடவையிலோ துப்பட்டாவிலோ தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று பட்டுக் கொழுந்து விடும். அப்படியே நின்று, தரையில் படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் சுற்றலாம். நைலான் துணி வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும்.

தீக்காயத்துக்கு முதல் வைத்தியம் குழாய்த் தண்ணீர்தான். இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் காட்ட வேண்டும். அன்று ராத்திரி விரலைச் சுட்டுக்கொண்ட பெண்ணுக்கு இன்னொருத்தி பற்பசை தடவியிருந்தாள். சார் அதைக் கழுவிவிட்டுத்தான் மறு வேலை பார்த்தார்.

கடைசியாகத் தீயணைப்பான். ஊசியைப் பிடுங்கு, தீயின் அடிப்பாகத்தைக் குறி பார், அழுத்து, இடமும் வலமும் ஆட்டு. நான்கே வேலை. பெண்கள் ஒவ்வொருவராகச் செய்தார்கள். என் முறை வந்தபோது ஊசியைப் பிடுங்காமலே அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். "இதுக்குத்தாம்மா பயிற்சி. இங்கே சிரிச்சிட்டா அங்கே அழ வேண்டாம்" என்றார் சார். முதுகு வாசலுக்கு நேராக இருக்கும்படி நிற்க வேண்டும், அணையாவிட்டால் விட்டுவிட்டு வெளியேற வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கியமான விதி.

பூட்டு என்ன ஆயிற்று?

அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கேட்டைப் பூட்டாமல் விட என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அவர் பயமும் நியாயம்தான். மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் சார்தான் வழி சொன்னார். வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும், உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினாலே திறந்துவிடும், அந்த மாதிரிப் பூட்டு கடையில் இருக்கிறதாம். வெளியிலிருந்து கையை விட்டு எட்ட முடியாதபடி அந்த இடத்தில் ஒரு தகடும் அடித்தாயிற்று. ஒரு மாத வாடகை செலவானது. மொட்டை மாடியிலிருந்து பக்கத்து வீட்டு மாடிக்குப் போகவும் அவர்களிடம் பேசி வழி வைத்திருக்கிறோம். செல்போன் சார்ஜ் போட மேஜை மேல் தனி இடம். படுக்கையில் போட்டால் அபராதம் பத்து ரூபாய், சாயங்கால டீச் செலவுக்கு.

போன மாதம் ஒரு ராத்திரி சொல்லாமல் கொள்ளாமல் ஒத்திகை பார்த்தோம். சார் தெருவில் கடிகாரத்தோடு நின்றார். நான் தட்டைத் தட்டினேன். பெண்கள் இறங்கி வந்து வேப்ப மரத்தடியில் நின்று எண்ணிச் சொல்ல ஐம்பத்தைந்து விநாடி.

"பரவாயில்லை" என்றார் சார். "ஆனா ஒரு ஆள் குறையுதே."

நான் பதறிப்போய் எண்ணினேன். எட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?"

அவர் உள்ளே சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த ஒத்திகை அவருக்காக மறுபடி நடக்கப் போகிறது.

சகோதரிகளே, இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் ராத்திரி பூட்டுகிற கதவின் சாவி இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு அதை எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.